வீட்டுதவிக்கு உரியவர் யார்?
வருமான எல்லையும் யாழ்ப்பாணத்துக் குடும்பமும்

(யாழ்ப்பாணத்தில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



வீடு என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருள் உண்டு. ஒன்று நாம் குடியிருக்கும் மனை, மற்றையது மோட்சம். மோட்சமாகிய வீட்டை அடைவதற்குப் பக்தி ஒன்றே போதும் என்று பெரியோர் சொல்லியிருக்கின்றனர். மனையாகிய வீட்டுக்கு அரசின் உதவியைப் பெறுவதற்கோ காணி உறுதி வேண்டும், குடும்ப அட்டை வேண்டும், கிராம அலுவலரின் அத்தாட்சி வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக வருமானச் சான்று வேண்டும். இந்த வருமானச் சான்றைப் பற்றித்தான் இன்று உங்கள் முன் பேச விரும்புகிறேன்.

வீடு வாங்கவோ கட்டவோ முற்படும் ஒருவனுக்கு வங்கி முழுப் பணத்தையும் தருவதில்லை. ஒரு பகுதியை அவன் கையிலிருந்து முதலில் வைக்க வேண்டும். அந்த முற்பணம் இல்லாதபடியால், மாதந்தோறும் தவணை கட்டும் வல்லமை இருந்தும் வாடகை வீட்டிலேயே முடிகளை நரைக்க விட்டவர் பலர். அந்த முதற்படியை ஏற அரசு கைகொடுக்க வேண்டும் என்பது உலகின் பல நாடுகள் ஒப்புக்கொண்ட கொள்கை. ஆனால் யாருக்குக் கைகொடுப்பது? இங்கேதான் ஒரு கோடு கீறப்படுகிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே வருமானம் உள்ளவன் உரியவன். மேலே உள்ளவன் உரியவனல்லன். கோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கோடு இல்லாவிட்டால் உதவி முழுவதும் செல்வாக்குள்ளவன் வளவுக்கே போய்ச் சேரும் என்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். ஆனால் அந்தக் கோட்டை எங்கே கீறுவது, எதைக்கொண்டு அளப்பது, யார் அளப்பது என்பவை நம்முடைய வாழ்வைத் தொடும் கேள்விகள்.

இந்நாட்டில் வீட்டுக்காக அரசு கடன் கொடுக்கும் வழக்கம் புதிதன்று. 1954ஆம் ஆண்டின் தேசிய வீடமைப்புச் சட்டம் அதற்கென ஒரு நிதியை அமைத்தது. தேசிய வீடமைப்பு அபிவிருத்தி அதிகார சபை 1979ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தால் பிறந்தது. நூறாயிரம் வீடுகள், பத்து இலட்சம் வீடுகள் என்ற திட்டங்கள் அக்காலத்தை ஒட்டி வந்தன. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணம் என்ன நிலையில் இருந்தது என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. தெற்கிலே அத்திவாரம் வெட்டிய காலத்தில் இங்கே கூரைகள் எரிந்தன. ஆகையால் நமக்கு வீட்டுதவி என்பது பெரும்பாலும் போர் முடிந்த பின் வந்த கதையாயிற்று.

அக்கதையில் தலையாயது இந்திய அரசின் 50,000 வீட்டுத் திட்டம். 2010ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அது அறிவிக்கப்பட்டது. முதலில் 1,000 வீடுகள் முன்னோடியாகக் கட்டப்பட்டன. 2012ஆம் ஆண்டு ஒக்டோபர் 2ஆந் திகதி, காந்தியடிகள் பிறந்த நாளில், வீட்டுக்காரரே தம் வீட்டைக் கட்டும் பெரும் பகுதி தொடங்கிற்று. புதிய வீட்டுக்கு ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா. திருத்தத்துக்கு இரண்டு இலட்சத்து ஐம்பதினாயிரம் ரூபா. பணம் கட்டங்கட்டமாக வங்கிக் கணக்கிலே வந்து சேர்ந்தது. இது கடனன்று, மானியம். நன்றியோடு நினைக்க வேண்டிய உதவி.

ஆயினும் தேர்வு முறையை ஆராயாமல் விடலாமா? அங்கே பண வருமானத்தை மட்டும் பார்க்கவில்லை. உழைப்பவர் எத்தனை பேர், உழைப்பவரை நம்பி இருப்போர் எத்தனை பேர், பெண் தலைமை தாங்கும் குடும்பமா, முதியோர், உடற்குறையுடையோர் உண்டா என்று பார்த்துப் புள்ளி இட்டார்கள். நோக்கம் நல்லது. விளைவு என்ன? பிள்ளைகள் நிறைந்த வீடு மேலே வந்தது. பிள்ளையைப் போரிலே பறிகொடுத்துத் தனித்து நின்ற முதிய தம்பதியர் பட்டியலின் அடியிலே தள்ளப்பட்டனர். புதுமணம் முடித்த இளையோரும் அப்படியே. இழப்பின் காரணமாகவே குடும்பம் சிறுத்தவனுக்கு, குடும்பம் சிறிது என்ற காரணத்தால் புள்ளி குறைந்தது! இதைக் கணக்கின் கொடுமை என்பதா, காலத்தின் கொடுமை என்பதா?

ஐக்கிய அமெரிக்காவில் முற்பண உதவித் திட்டங்கள் பலவற்றுக்கு அடிப்படையாக ஓர் அளவுகோல் இருக்கிறது. ஒவ்வொரு வட்டாரத்திலும் குடும்பங்களின் நடு வருமானம் எவ்வளவு என்று ஆண்டுதோறும் கணக்கிடுகிறார்கள். அதன் எண்பது விழுக்காட்டுக்குக் கீழ்ப்பட்டவன் குறைந்த வருமானத்தவன். ஐம்பது விழுக்காட்டுக்குக் கீழ்ப்பட்டவன் மிகக் குறைந்த வருமானத்தவன். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு வரும் எல்லையை நூறு என்று வைத்தால், தனியொருவனுக்கு எழுபது; எண்மர் கொண்ட குடும்பத்துக்கு நூற்று முப்பத்திரண்டு. இதில் இரண்டு படிப்பினைகள் உண்டு. நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் ஒரே கோடு இல்லை. ஆள் கூடக் கூட எல்லை கூடுகிறதேயன்றிச் சிறு குடும்பம் வெளியே தள்ளப்படவில்லை. கொழும்பிலே கீறிய கோட்டை வடமராட்சிக்கும் தீவகத்துக்கும் மாற்றமின்றிக் கொண்டுவந்து போடுகிறவர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

கமக்காரனுக்கு மாத வருமானம் உண்டா?

இனி வருமானம் என்றால் என்ன என்று கேட்போம். ஆசிரியருக்கும் எழுதுவினைஞருக்கும் இது இலகுவான கேள்வி. மாத முடிவில் வரும் சம்பளச் சீட்டை நீட்டினால் முடிந்தது. கமக்காரச் சகோதரன் என் செய்வான்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பரப்புத் தோட்டத்தில் ஒருவர் வெங்காயம் நட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் விளைவை மூன்று இலட்சம் ரூபாவுக்கு விற்றார். விதை வெங்காயம், பசளை, மருந்து, இறைப்புச் செலவு, கூலி என இரண்டு இலட்சத்துப் பத்தாயிரம் போயிற்று. மிச்சம் தொண்ணூறாயிரம். மறுபோகம் வரவும் செலவும் சரியாய்ப் போயிற்று. இவருடைய மாத வருமானம் என்ன? விற்ற பணத்தை மூன்று மாதத்தால் பிரிக்கிறவர் ஓர் இலட்சம் என்று எழுதுவார். மிச்சத்தைப் பன்னிரண்டு மாதத்தால் பிரிக்கிறவர் ஏழாயிரத்து ஐந்நூறு என்று எழுதுவார். ஒரே மனிதன், ஒரே தோட்டம், ஒரே வெங்காயம். ஒரு பேனாவில் அவர் செல்வந்தர். மறு பேனாவில் அவர் பரம ஏழை. எந்தப் பேனா எழுதுகிறது என்பதை நாம் அதிர்ஷ்டத்துக்கு விட்டிருக்கிறோம்.

2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவிலே நிறுத்தினார்களே, அந்த ஆண்டின் கணக்கையும் அடுத்த ஆண்டின் கணக்கையும் தனித்தனியே எடுத்துப் பாருங்கள். தனியோர் ஆண்டின் வருமானத்தை வைத்துக் கமக்காரனை மதிப்பிடுவது, ஒரு நாள் மழையை வைத்து மாரியை மதிப்பிடுவது போலாகும். ஆகவே செலவு கழித்த வருமானமே கணக்கில் எடுக்கப்பட வேண்டும். அதுவும் மூன்று ஆண்டுகளின் சராசரியாக இருக்க வேண்டும். மீன்பிடியாளருக்கும் இதுவே பொருந்தும்.

மற்றொன்றையும் இவ்விடத்திலே சொல்லிவிடுகிறேன். "அவையளுக்கென்ன, கனடாவிலே பிள்ளை" என்ற ஒரு பேச்சு நம்மிடையே உண்டு. அலுவலர் கேட்கு முன்பே அயலவர் சொல்லிவிடுவார். கனடாவிலே பிள்ளை இருப்பது உண்மையாயிருக்கலாம். அந்தப் பிள்ளை அங்கே தன் வீட்டுக் கடனுக்கு இரண்டு வேலை செய்துகொண்டிருப்பதும் உண்மையாயிருக்கலாம். ஒழுங்காக வரும் பணம் வருமானம்தான். அதை மறைக்கும்படி நான் சொல்லேன். ஆனால் தைப்பொங்கலுக்கு வந்த காசையும் தாயின் சத்திரசிகிச்சைக்கு வந்த காசையும் மாத வருமானமாக எழுதுவது நியாயமன்று.

கோட்டின் ஓரத்தில் நிற்பவர்

உத்தியோகத்தர்களே, இப்பொழுது உங்கள் பக்கம் வருகிறேன். மாதம் ஐம்பதினாயிரம் ரூபா எல்லை என்று வைப்போம். நாற்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் பெறுகிறவருக்கு முழு உதவி. ஐம்பதினாயிரத்து நூறு பெறுகிறவருக்கு ஒரு சதமும் இல்லை. இருநூறு ரூபா வேற்றுமைக்காக ஒருவர் பல இலட்சம் இழக்கிறார். இதனால் சம்பள உயர்வைக் கண்டு அஞ்சுகிற விந்தை நேருகிறது. மேலதிக நேர வேலையை மறுக்கிறவனும் உண்டு. வருமானத்தை மறைக்கிறவனும் உண்டு. மனிதனைப் பொய்யனாக்கும் கோடு நல்ல கோடன்று.

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. இந்தியாவில் 2015இல் தொடங்கிய பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பகுதியைப் பாருங்கள். அதன் வட்டி மானியத்தில் ஆண்டு வருமானம் ஆறு இலட்சம் இந்திய ரூபா வரை உள்ளவருக்கு ஆறரை வீத மானியம். அதற்கு மேல் பன்னிரண்டு இலட்சம் வரை நான்கு வீதம். பதினெட்டு இலட்சம் வரை மூன்று வீதம் என்று படிப்படியாக இறக்கியிருந்தார்கள். கிணற்றிலே திடீரென விழுவதற்கும் படியால் இறங்குவதற்கும் உள்ள வேற்றுமை இது. அந்தப் பழைய பகுதி 2022உடன் முடிந்துவிட்டது. 2024இல் தொடங்கிய புதிய கட்டத்தில் எல்லை ஒன்பது இலட்சமாகச் சுருங்கிற்று. ஆயினும் படிமுறை என்ற எண்ணம் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது.

நம் நாட்டில் தனியார்துறை ஊழியருக்கு 1958இல் உருவான சேமலாப நிதி இருக்கிறது. அந்நிதியில் இருக்கும் தம் பணத்தைப் பிணையாக்கி வீட்டுக் கடன் பெறலாம். 2012ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, பத்தாண்டு பங்களித்தவர் நிபந்தனைகளுக்குட்பட்டு முப்பது வீதத்தை முன்கூட்டியே எடுக்கவும் இடமுண்டு. அரச ஊழியருக்குச் சொத்துக் கடன் உண்டு. நடுத்தர உத்தியோகத்தர் முற்பணம் தேட இவை வழிகள். ஆனால் முதுமைக்கு வைத்த பணத்தை இளமையில் எடுத்துச் சுவராக்குகிறோம் என்பதை மறவாதீர்கள். கமக்காரனுக்கோ கூலித் தொழிலாளிக்கோ இவற்றுள் ஒன்றும் இல்லை.

கோடு அசையாமல் நிற்க விலைகள் ஓடுமானால் என்ன நடக்கும் என்பதை 2022 நமக்குக் கற்பித்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். ஆயிரம் ரூபாவை ஒட்டியிருந்த சிமெந்துப் பை மூவாயிரத்தைத் தொட்டது. சம்பளமும் கூலியும் ரூபாக் கணக்கில் சிறிது ஏறின. வாங்கும் சக்தியோ பாதாளத்துக்குப் போயிற்று. அரிசி வாங்க முடியாதவன் தாளிலே "எல்லையைத் தாண்டியவன்" ஆகிறான். ஆகவே வருமான எல்லையை ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்த்துத் திருத்த வேண்டும். ஐந்து இலட்சத்து ஐம்பதினாயிரம் போதாமல் நகை அடைவு வைத்தும் வட்டிக்கு வாங்கியும் வீட்டை முடித்தவர்கள் இச்சபையிலே இருப்பீர்கள். உதவித் தொகையும் விலையோடு ஏறாவிட்டால் மானியமே கடனுக்கு வாசலாகிறது.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஸ்காபரோவுக்கும் மார்க்கத்துக்கும் ஒரு கணம் போய் வருவோம். கனடிய அரசு 2019இல் முதன்முறை வீடு வாங்குவோருக்கு ஓர் உதவி தொடங்கிற்று. விலையில் ஐந்து அல்லது பத்து விழுக்காட்டை அரசு பங்காக இடும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 120,000 டொலருக்கு மேற்படலாகாது. அதோடு, வாங்கும் கடன் வருமானத்தின் நான்கு மடங்கைத் தாண்டலாகாது என்றும் விதித்தார்கள். ரொறன்ரோவில் வீட்டு விலையோ அந்த நான்கு மடங்குக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஆகவே தகுதியுள்ளவனால் வாங்க முடியவில்லை. வாங்க முடிந்தவனுக்குத் தகுதி இல்லை. 2021இல் ரொறன்ரோ முதலிய மூன்று நகர்களுக்கு எல்லையை 150,000 ஆக்கியும் பயன் பெரிதாகவில்லை. 2024 மார்ச்சில் திட்டத்தை மூடினார்கள். செல்வம் கொழிக்கும் நாட்டிலேயே, வருமான எல்லையை ஒரு மேசையிலும் வீட்டு விலையை மற்றொரு மேசையிலும் வைத்துத் தீர்மானித்தால் இதுதான் முடிவு.

உறுதி இல்லாதவனும் ஒப்பம் இல்லாதவளும்

இனி நான் சொல்லப்போவது யாழ்ப்பாணத்துக்கே உரியது. இங்கே வருமானம் சரியாயிருந்தும் உதவி கிட்டாதவர் பலர். காரணம் காணி.

நம்முடைய தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்திலே எழுத்தில் வந்தது. தாயின் காணி சீதனமாக மகளுக்கு. மகளிடமிருந்து அவள் மகளுக்கு. பெண்ணுக்குச் சொத்து உண்டு என்பது நமக்குப் பெருமை. ஆனால் பாட்டியின் ஆறு பரப்பு வளவு மூன்று தலைமுறையில் பிரிக்கப்படாத பங்குகளாகக் கிடக்கிறது. பங்காளிகளில் ஒருவர் கொழும்பில், ஒருவர் நோர்வேயில், ஒருவர் எங்கே என்று தெரியாது. பிரிக்கப்படாத பங்கை ஈடாக ஏற்க வங்கி தயங்குகிறது. தாளின்படி அந்தப் பெண் "காணியுள்ளவள்". ஆகையால் காணியில்லாதோர் உதவிக்கு உரியவளல்லள். காரியத்தின்படி அவளுக்குக் காணியில்லை; ஆகையால் கடனுக்கும் உரியவளல்லள்.

இதனிலும் கொடியது ஒன்று உண்டு. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண மணவுரிமை, வழியுரிமைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் அசையாச் சொத்தைக் கணவனின் எழுத்து மூலச் சம்மதமின்றிக் கைமாற்றலாகாது. சீதனமாக வந்த காணி அவள் பெயரில் இருக்கும். ஆனால் ஒப்பத்துக்கு அவன் வேண்டும். கணவன் 2009இல் காணாமற் போனவன் என்றால்? இறந்தான் என்று ஒப்பமிட அவள் மனம் ஒப்பவில்லை. இருக்கிறான் என்றால் ஒப்பமிட அவன் இல்லை. 2016இல் திருத்தப்பட்ட சட்டம் காணாமற் போனமைச் சான்றிதழ் பெற வழி செய்தது. கணவன் கைவிட்டவிடத்தும் இருப்பிடம் அறியப்படாதவிடத்தும் அவன் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையைப் பெறலாம் என்பதும் அந்த 1911ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. ஆனால் நீதிமன்றம் ஏறச் சட்டத்தரணிக்குப் பணம் வேண்டும். வீட்டுதவி கேட்டு வந்தவளிடம் வழக்குச் செலவு கேட்பது எந்த ஊர் நியாயம்? மேற்சொன்ன இந்தியத் திட்டத்தில் வறியோருக்கான வீடு பெண்ணின் பெயரிலோ கூட்டுப் பெயரிலோ இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். நாமோ பெண்ணின் பெயரில் காணியை வைத்துவிட்டுப் பேனாவை ஆணின் கையில் கொடுத்திருக்கிறோம்.

காணியே இல்லாதவர் நிலையை என்ன சொல்ல? 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்து முகாம்களில் கால் நூற்றாண்டைக் கழித்தவர்களின் பிள்ளைகள் அங்கேயே பிறந்து, அங்கேயே மணம் முடித்தனர். பெற்றோரின் காணி விடுபட்ட இடங்களிலும் ஓர் உறுதி, மூன்று குடும்பம், ஒரு மானியம் என்ற நிலை. இவர்களுக்கும் முன்பிருந்தே, பிறப்பைக் காட்டிக் காணி விற்க மறுக்கப்பட்டவர்கள் இந்தக் குடாநாட்டில் இருந்தார்கள். அவர்களுக்குப் பரம்பரை உறுதி இல்லாமைக்குக் காரணம் கொழும்பு அன்று, நாம். "சொந்தக் காணி இருந்தாற்றான் வீட்டு மானியம்" என்ற விதி வந்தபோது, பழைய அநீதியே புதிய தகுதிச் சட்டமாக வந்து வாசலில் நின்றது. சபையில் சிலருக்கு இது கசக்கும். கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

வீடு கட்ட மானியம் கொடுத்த திட்டங்கள் பல வந்தன. இரண்டு பரப்புக் காணி வாங்க முற்பணம் கொடுத்த திட்டம் எத்தனை? இந்த நாட்டுக்கு ஏற்ற முற்பண உதவி அதுவே. வருமானம் எல்லைக்குள் இருப்பவனுக்குக் காணி விலையின் ஒரு பகுதியை மானியமாகவும் மீதியை நீண்ட தவணைக் கடனாகவும் கொடுத்து, உறுதியைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் எழுத வேண்டும்.

நாம் கச்சேரிக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் இதை முதலாவதாக வைப்போம். செலவு கழித்த மூவாண்டுச் சராசரி, படிப்படியாக இறங்கும் உதவி, ஆண்டுதோறும் திருத்தப்படும் எல்லை ஆகியவற்றையும் கேட்போம். காணாமற் போனோரின் மனைவியருக்கு நீதிமன்றக் கட்டளை பெறும் செலவை அரசே ஏற்க வேண்டும். தேர்வுப் பட்டியலைப் புள்ளிகளோடு பிரதேச செயலகத்தின் வாசலிலே ஒட்ட வேண்டும். நிராகரிக்கப்பட்டவருக்குக் காரணத்தைத் தமிழில், கடிதமாக, மேன்முறையீட்டுக்குரிய தவணையோடு அனுப்ப வேண்டும். விண்ணப்பத்தின் படி இந்த மேசையிலே இருக்கிறது. வாசித்து, உடன்பாடுள்ளவர்கள் ஒப்பமிடுங்கள். தாய்மார்கள் தங்கள் பெயரிலேயே, தங்கள் கையாலேயே இடுங்கள்.